பிரேக் போட்டா வண்டி நிற்கும்... நாம நிற்போமா?

(ஒரு ரிட்டயர்டு சயன்ஸ் வாத்தியாரின் வீட்டுப் பாடம்)

என் பேத்திக்கு ஐந்து வயசு. யு.கே.ஜி. படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு அப்பா, அம்மாவோடு பைக்கில் திரும்பி வந்தவள், முகவாயில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக வந்து இறங்கினாள். மூன்று தையல்!

"என்ன ஆச்சு மாப்ள? எங்கயாவது விழுந்துட்டீங்களா?" என்று பதறினேன்.

"விழவே இல்ல மாமா. சர்வீஸ் ரோட்டுல முப்பதுலதான் வந்தேன். திடீர்னு ஒரு நாய் குறுக்க வந்துது. பிரேக் அடிச்சேன். வண்டி அழகா நின்னுடுச்சு. நாய்க்கும் ஒண்ணும் ஆகல. பாப்பா மட்டும் முன்னாடி போய் மீட்டர்ல இடிச்சுக்கிட்டா..."

கவனித்தீர்களா? வண்டி நின்றது. நாய் தப்பியது. யாரும் கீழே விழவில்லை. ஆனாலும் குழந்தைக்கு மூன்று தையல்! இதில் யார் மேல் தப்பு? பிரேக் மேலா? நாய் மேலா?

இரண்டு பேர் மேலும் இல்லை. முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு நான் நடத்திய பாடம்தான் அன்றைக்கு என் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டியிருக்கிறது. விசை, இயக்கம், நியூட்டனின் மூன்று விதிகள். மார்க்குக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோமே... அதே பாடம்!

எங்கள் ஊர் ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லையோர ஊர். தாண்டினால் ஆந்திரா. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், வடக்கே தடா, ஸ்ரீசிட்டி கம்பெனிகள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வந்து பாருங்கள். கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, ஷேர் ஆட்டோ, இவற்றுக்கு நடுவே டிபன் கேரியரோடு நூற்றுக்கணக்கில் டூவீலர்கள். டேங்க் மேலே ஒரு குழந்தை, நடுவில் ஒரு குழந்தை, பின்னால் கைக்குழந்தையோடு மனைவி. ஹெல்மெட்? அது பெட்ரோல் டேங்க் மேலேயோ, முழங்கையிலோ தொங்கிக் கொண்டிருக்கும்!

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டைனிங் டேபிளையே வகுப்பறையாக்கிவிட்டேன். மாப்பிள்ளைதான் மாணவர். அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன். சாமான்கள் எல்லாம் உங்கள் சமையலறையிலேயே இருக்கின்றன. படித்துக்கொண்டே செய்து பாருங்கள்.

சோதனை 1: டம்ளரும் காசும்

ஒரு டம்ளர். அதன் மேல் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. அட்டை மேல் ஒரு ஐந்து ரூபாய்க் காசு. இப்போது அட்டையை மட்டும் விரலால் 'சட்'டென்று சுண்டிவிடுங்கள்.

அட்டை பறந்து போகும். காசு? அது கூடப் போகாது. 'டங்'கென்று டம்ளருக்குள் விழும்.

காசு இருந்த இடத்திலேயே இருக்கத்தான் பார்த்தது. அதை நகர்த்த அட்டையின் உராய்வு மட்டும் போதவில்லை. சும்மா இருக்கும் பொருள் சும்மாவே இருக்கப் பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கும் பொருள், அதே வேகத்தில், அதே திசையில் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றினால்தான் மாறும். 1687-ல் வெளியான 'பிரின்சிபியா' புத்தகத்தில் ஐசக் நியூட்டன் எழுதிய முதல் விதி இதுதான். பொருள்களின் இந்தப் பிடிவாதத்துக்கு 'நிலைமம்' என்று பெயர்.

பஸ் திடீரென்று கிளம்பினால் பின்னால் சாய்கிறோமே, பிரேக் போட்டால் முன்னால் விழப் பார்க்கிறோமே... எல்லாம் நிலைமம்தான். நம்மை யாரும் தள்ளவில்லை. பஸ்தான் வேகத்தை மாற்றிக்கொண்டது. நம் உடம்பு பழைய வேகத்திலேயே இருக்கிறது.

"இப்ப புரியுதா மாப்ள? பைக்கு பிரேக் போட்டீங்க. பைக்கு கேட்டுது. பாப்பாவுக்கு யாரு பிரேக் போட்டா?"

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. நானே தொடர்ந்தேன். முப்பதில் வந்த பைக்கின் வேகம் குறைந்தது. டேங்க் மேல் உட்கார்ந்திருந்த குழந்தை முப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது. அதன் முகத்துக்கும் மீட்டருக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி. கணக்குப் போட்டால், அந்த ஒரு அடியைத் தாண்டுவதற்குள் குழந்தை மீட்டரை மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கியிருக்கும். ஓடி வந்து இரும்புக் கதவில் முட்டிக்கொள்வதற்குச் சமம். மூன்று தையலோடு போனதே பெரிய அதிர்ஷ்டம்!

வண்டியை நிறுத்தத்தான் பிரேக். நம்மை நிறுத்த வேறு ஏதாவது இருக்க வேண்டும். பிடித்திருக்கும் கை, காருக்குள் பெல்ட், அதுவும் இல்லையென்றால்... முன்னால் இருக்கும் மீட்டர், கண்ணாடி, தரை, லாரியின் பின்பக்கம். ஏதோ ஒன்று நம்மை நிறுத்தத்தான் போகிறது. எது நிறுத்த வேண்டும் என்பதை மட்டும்தான் முன்கூட்டியே நாம் முடிவு செய்ய முடியும்.

"நான் கெட்டியா புடிச்சிருப்பேன்பா!"

இது என் மகள். "பாப்பாவ நான் மடியில வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுப்பா. கெட்டியா புடிச்சிருப்பேன்."

எல்லா அம்மாக்களும் இப்படித்தான் நம்புகிறார்கள். தாயின் பிடியில் அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை. பலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாமா?

இங்கேதான் நியூட்டனின் இரண்டாவது விதி வருகிறது. விசை = நிறை × முடுக்கம். அதாவது, ஒரு பொருளின் வேகத்தை எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறோமோ, அவ்வளவு அதிக விசை தேவை.

சாதாரணமாக பிரேக் போடும்போது ஒரு பொருளைப் பிடித்து நிறுத்த, அதன் எடையில் பாதி அளவு விசை போதும். 10 கிலோ குழந்தைக்கு 5 கிலோ. தயாராக இருந்தால் பிடித்துவிடலாம். ஆனால் மோதல் என்பது வேறு விஷயம்.

கார் மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறது. அதாவது ஒரு நொடிக்கு 10 மீட்டர். எதன் மீதோ மோதி, பத்தில் ஒரு பங்கு நொடியில் நின்றுவிடுகிறது. அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையை நிறுத்த உங்கள் கை எவ்வளவு விசை கொடுக்க வேண்டும்? நூறு கிலோ மூட்டையைத் தூக்கும் அளவுக்கு!

"25 கிலோ அரிசி மூட்டை நாலு. ஒரே நேரத்துல, சொல்லாம கொள்ளாம உன் கையில விழுது. தாங்குவியா?"

மகள் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பதில் இல்லை. இந்தக் கணக்கு 36 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான். நெடுஞ்சாலையில் யார் 36-ல் போகிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. அம்மா பெல்ட் போடாமல் முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருந்தால், மோதும்போது அம்மாவும் சேர்ந்து முன்னால் போவார். குழந்தை டேஷ்போர்டுக்கும் அம்மாவின் உடம்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஏர்பேக் விரிந்தால் அதுவும் நேராகக் குழந்தை மேல்தான் விரியும். சொல்லவே மனசு கூசுகிறது. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். காரில் குழந்தைக்கு இடம் பின் சீட்டு. அதுவும் அதற்கென்று விற்கும் குழந்தை சீட்டில், பெல்ட்டோடு.

சோதனை 2: முட்டையும் போர்வையும்

"முட்டை விக்கிற விலையில உங்களுக்கு விளையாட்டா?" என்று என் மனைவி சத்தம் போட்டாள். இருந்தாலும் ஒன்று வாங்கிவிட்டேன்.

இரண்டு பேர் ஒரு போர்வையின் மேல் முனைகளைப் பிடித்துத் திரை மாதிரி தொங்கவிட வேண்டும். கீழ் ஓரத்தைக் கொஞ்சம் மடித்து, தொட்டில் மாதிரி பிடிக்க வேண்டும். இப்போது முட்டையை உங்கள் பலம் கொண்ட மட்டும் போர்வை மேல் எறியுங்கள்.

உடையாது! அதே முட்டையைச் சுவரில் மெதுவாகத் தட்டினாலே ஓடு விரிந்துவிடும்.

எறிந்த வேகம் அதிகம்தான். ஆனால் போர்வை முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தியது. ஒரு முழம் தூரம் பின்னால் போய் நிறுத்தியது. சுவர் ஒரே நொடியில், இம்மியளவு இடத்தில் நிறுத்திவிட்டது. மாற வேண்டிய வேகம் ஒன்றுதான் என்றாலும், எடுத்துக்கொள்ளும் தூரமும் நேரமும் கூடினால் விசை குறையும். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுக்கிறாரே, அது இதற்குத்தான்.

இப்போது முட்டைக்குப் பதிலாக நம் தலையை வைத்துப் பாருங்கள்.

"மூணு கிலோமீட்டர்தானே, ஹெல்மெட் எதுக்கு மாமா?" என்று மாப்பிள்ளை அடிக்கடி கேட்பார். அதற்கும் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன்.

பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே சாய்ந்து விழுந்தாலும், அந்த உயரத்திலிருந்து தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை நெருங்கியிருக்கும். மூன்று கிலோமீட்டர் போகிறீர்களா முந்நூறு கிலோமீட்டர் போகிறீர்களா என்று தரை விசாரிப்பதில்லை!

ஹெல்மெட் இல்லாவிட்டால், தோலும் முடியும் கொடுக்கும் அரை சென்டிமீட்டர் தூரத்துக்குள் தலை நின்றாக வேண்டும். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. கணக்குப்படி மண்டை ஓட்டின் மேல் வரும் விசை, ஒன்றரை டன் எடைக்குச் சமம். ஒரு கார் தலை மேல் ஏறி நிற்பது மாதிரி!

ஹெல்மெட்டுக்குள் தொட்டுப் பாருங்கள். துணிக்கு அடியில் கெட்டியான தெர்மோகோல் இருக்கும். உயிரைக் காப்பது பெரும்பாலும் அதுதான். அது இரண்டு சென்டிமீட்டர் நசுங்கினால் போதும், நிற்கும் தூரம் ஐந்து மடங்காகிறது. விசை ஐந்தில் ஒரு பங்காகிறது. ஒன்றரை டன், முந்நூறு கிலோவாகக் குறைகிறது. வெளி ஓடு அந்த விசையை ஒரே புள்ளியில் இறங்கவிடாமல் பரப்பிவிடுகிறது.

இதிலிருந்தே மூன்று விஷயம் புரியும். ஒன்று, தொப்பி மாதிரி இருக்கும் மலிவு ஹெல்மெட்டில் நசுங்குவதற்குத் தெர்மோகோல் இல்லை. அது போலீஸுக்கு மட்டும்தான் ஹெல்மெட், தரைக்கு இல்லை! ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு, ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும். வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். மூன்று, வார் மாட்டாத ஹெல்மெட் வெறும் சுமை. மோதும்போது ஹெல்மெட்டுக்கும் நிலைமம் உண்டே! உங்களுக்கு முன்னால் அது பறந்து போய்விடும்.

ஹெல்மெட் வந்த கதை

1935 மே மாதம். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகப் புகழ் பெற்ற டி.இ. லாரன்ஸ், இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் சைக்கிளில் இரண்டு பையன்கள். அவர்கள் மேல் மோதாமல் இருக்க ஒடித்தவர் தூக்கி எறியப்பட்டார். ஹெல்மெட் கிடையாது. தலையில் பலத்த அடி. ஆறு நாள் நினைவில்லாமல் இருந்து இறந்துபோனார்.

அவருக்குச் சிகிச்சை கொடுத்தவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை டாக்டர். அந்த மரணம் அவர் மனசை விட்டுப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலைக் காயங்களை ஆராய்ந்து, 1941-ல் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று எடுத்துச் சொன்னார். பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஹெல்மெட் அணிய அது வழிவகுத்தது. இன்று நம் வீட்டு ஆணியில் தொங்கும் ஹெல்மெட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு டாக்டரின் வருத்தம் இருக்கிறது.

வேகம் இரண்டு மடங்கு, ஆபத்து நான்கு மடங்கு!

"சரி மாமா, ஹைவேல கொஞ்சம் வேகமா போனாத்தானே ஷிஃப்டுக்குப் போய்ச் சேர முடியும்?" மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

நாய் குறுக்கே வருகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கை அழுத்த ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. அதற்குப் பிறகுதான் வண்டி வேகம் குறைய ஆரம்பிக்கும்.

மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால், யோசிக்கும் அந்த ஒரு நொடியில் 10 மீட்டர் போய்விடுவீர்கள். நல்ல காய்ந்த ரோட்டில், பிரேக் பிடித்து நிற்க இன்னும் 10 மீட்டர். மொத்தம் 20 மீட்டர்.

72 கிலோமீட்டரில் போனால்? யோசிக்க 20 மீட்டர். நிற்க 40 மீட்டர். மொத்தம் 60 மீட்டர்!

வேகம் இரண்டு மடங்குதான் கூடியது. பிரேக் தூரம் நான்கு மடங்கு கூடிவிட்டது. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் வரும் வினை இது. மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தால், ஓரத்தில் மணலோ ஜல்லியோ கிடந்தால் உராய்வு குறைந்து இந்தத் தூரம் இன்னும் நீளும். செல்போனை ஒரு பார்வை பார்த்தால், யோசிக்கும் நேரம் ஒரு நொடி இரண்டு நொடியாகும்.

இதையே வேறு மாதிரியும் பார்க்கலாம். 36 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, 5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே குதிப்பதற்குச் சமம். 54 கிலோமீட்டர் என்றால் 11 மீட்டர். மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடி. 72 கிலோமீட்டர் என்றால் 20 மீட்டர். ஆறு மாடி! மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் குழந்தை போனாலே அலறுகிறோம். அதே குழந்தையை டேங்க் மேல் வைத்து ஐம்பதில் போகும்போது பயம் வருவதில்லை. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. வேகம் தெரிவதில்லை.

லாரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிறையும் வேகமும் சேர்ந்ததுதான் உந்தம். 40 டன் கன்டெய்னர் லாரி மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்து வருகிறது என்று வையுங்கள். ஆளும் வண்டியுமாக 200 கிலோ இருக்கும் ஒரு பைக்குக்கு அதே உந்தம் வேண்டுமென்றால் அது மணிக்கு 2,000 கிலோமீட்டரில் பறக்க வேண்டும்! 'லாரி மெதுவாத்தானே வருது' என்று அதற்கு முன்னால் புகுந்து திருப்பாதீர்கள். டிரைவர் நல்லவராக இருக்கலாம். அவர் வண்டியின் உந்தம் யாருக்கும் தயவு காட்டாது.

ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட்

பேத்தி இதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "தாத்தா, மூணாவது ரூல்?"

அதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தகமே தேவையில்லை. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. சுமார் 30 கிலோமீட்டர். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதும் அங்கிருந்துதான். ராக்கெட் விடும் நாளில் மொட்டை மாடியில் நின்றால் நெருப்பு உடனே தெரியும். சத்தம் வந்து சேர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

சந்திரயானைச் சுமந்த ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். அதை மேலே தூக்கியது யார்? அதன் வயிற்றிலிருந்து கீழே சீறிய புகையும் நெருப்பும்தான். ராக்கெட் வாயுவைக் கீழே தள்ளுகிறது, வாயு ராக்கெட்டை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிர்த் திசையில் ஒரு விசை உண்டு. அதுதான் மூன்றாவது விதி.

ராக்கெட்டுக்கு இருக்கும் அதே விதி நமக்கும். நாம் நடப்பதே காலால் தரையைப் பின்னால் தள்ளுவதால்தான். தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. குளியலறையில் சோப்புத் தண்ணீர் கிடந்தால் தரையைத் தள்ள முடிவதில்லை, வழுக்குகிறது. தலை தரையை எவ்வளவு விசையோடு அடிக்கிறதோ, அவ்வளவு விசையோடு தரை தலையைத் திருப்பி அடிக்கும். தரைக்குப் பாவ புண்ணியம் கிடையாது.

ஒரு விபத்தில் மூன்று மோதல்

டாக்டர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். விபத்தில் மோதல் ஒன்றல்ல, மூன்று. முதலில் வண்டி எதிலோ மோதுகிறது. அடுத்து நம் உடம்பு வண்டியிலோ தரையிலோ மோதுகிறது. மூன்றாவதாக, உடம்பு நின்ற பிறகும் உள்ளே இருக்கும் மூளை, கல்லீரல், மண்ணீரல் எல்லாம் பழைய வேகத்தில் முன்னால் போய் மோதுகின்றன. நிலைமம் உடம்புக்கு உள்ளேயும் உண்டு!

வெளியே ஒரு கீறல் கூட இல்லாமல் மூளைக்குள் ரத்தம் கசிவது இப்படித்தான். விழுந்தவர் எழுந்து, பேசி, டீ குடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்குவதும் உண்டு. தலையில் அடிபட்டால் முதல் 24 மணி நேரம் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

* கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியிருந்தால்
* திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால்
* தலைவலி கூடிக்கொண்டே போனால்
* எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு, குழப்பம்
* வலிப்பு, கை கால் மரத்துப் போதல்
* மூக்கு, காதிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தால்
* ஒரு கண்ணின் பாவை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரிந்தால்
* சின்னக் குழந்தை விடாமல் அழுதால், பால் குடிக்க மறுத்தால்

ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கழுத்தை மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். மூச்சு விடத் தடையில்லை என்றால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

'உதவி செஞ்சா கோர்ட்டு, கேஸுன்னு அலையணும்' என்ற பயம் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவர்களுக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை உச்சவரம்புக்கு உட்பட்டு அரசு ஏற்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் வெளி மாநிலத்தவருக்கும் இது உண்டு. எங்களைப் போல எல்லையோரம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெல்ட்டின் பெருமை

1954 டிசம்பரில் அமெரிக்க விமானப் படை டாக்டர் ஜான் பால் ஸ்டாப், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் போன வண்டி 1.4 நொடியில் நின்றது. அவர் எடையைப்போல் 40 மடங்குக்கு மேல் விசை. கண்ணில் ரத்தம் கட்டியது. ஆனால் பிழைத்துக்கொண்டார்! காரணம், அகலமான பெல்ட்டுகள் அந்த விசையைத் தோள், மார்பு, இடுப்பு என்று பலமான எலும்புகளின் மேல் பரப்பிவிட்டன.

1959-ல் வால்வோ கம்பெனியின் என்ஜினியர் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை பெல்ட்தான் இன்று நம் கார்களில் இருக்கிறது. மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று அந்தக் காப்புரிமையை வால்வோ திறந்துவிட்டது. அதைப் போட நமக்குத்தான் சோம்பல்! பின் சீட்டில் இருப்பவருக்கும் நிலைமம் உண்டு. அவர் பெல்ட் போடாவிட்டால் மோதும்போது முன் சீட்டில் இருப்பவர் முதுகில்தான் போய் விழுவார்.

மறக்கக்கூடாத எண்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். இந்தியாவிலேயே அதிகம். அவற்றில் 17,884 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 49 பேர்! அதே ஆண்டு இந்தியா முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் சுமார் 50 ஆயிரம் பேர். அவர்களில் 14 ஆயிரம் பேருக்கு மேல் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பெரும்பாலும் யாராவது ஒருவரின் மனைவி, அம்மா, குழந்தை, நண்பன்.

சட்டம் என்ன சொல்கிறது? டூவீலரில் ஓட்டுபவரையும் சேர்த்து இரண்டே பேர். நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும், அளவான ஹெல்மெட்டும் போட்டு, 40 கிலோமீட்டருக்கு மிகாமல்தான் அழைத்துப் போக வேண்டும். 2022-ல் அறிவிக்கப்பட்ட இந்த விதி, 2023 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது.

'நாலு பேர் குடும்பத்துக்குக் கார் வாங்க எங்க சார் போறது?' என்று கேட்பீர்கள். தெரியும். நானும் வாத்தியார் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவன்தான். நான்கு பேர் போக வேண்டியிருந்தால் ஷேர் ஆட்டோ இருக்கிறது, பஸ் இருக்கிறது, எங்கள் ஊருக்கு ரயிலும் இருக்கிறது. இரண்டு தடவையாகக் கொண்டுபோய் விடலாம். குறைந்தபட்சம், டேங்க் மேல் குழந்தையை உட்காரவைப்பதை இன்றைக்கே நிறுத்தலாம். அதற்குச் செலவே இல்லை.

பாடம் முடியும்போது ராத்திரி பத்து மணி. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். 'ரொம்பத்தான் பேசிட்டோமோ' என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. மாப்பிள்ளையிடம் அளந்து பேச வேண்டாமா!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது பேத்தியின் தலையில் மஞ்சள் நிறத்தில் சின்ன ஹெல்மெட். மகள் கையில் இன்னொன்று. முகவாயில் தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் காலையில் அவளை ஸ்கூலில் விடக் கிளம்பும்போது நான் வாசலில் நிற்பேன். அவள் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து, தன் வாரை மாட்டிக்கொண்டு, அப்பா மாட்டும்வரை காத்திருப்பாள். போன வெள்ளிக்கிழமை அவர் அவசரத்தில் சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு ஸ்டார்ட் செய்துவிட்டார்.

"அப்பா, உங்களோடது 'க்ளிக்'குனு சத்தம் வரல!"

மாப்பிள்ளை வண்டியை அணைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாரை மாட்டினார்.

க்ளிக்!

உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்கிறதா?